மாமாவின் துப்பாக்கியும் அத்தையின் ஸ்பிரேயும்

போன ஆடியில குற்றாலச் சாரலுக்கு ஊருக்குப் போனப்ப, இலஞ்சி பக்கம் தோப்பு வீட்டுல இருக்குற அத்தைக்கு ஒரு பெப்பர் ஸ்பிரே வாங்கிட்டுப் போனேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "என்னல மாப்ள இது, சென்ட்டா?"ன்னார். அவர்கிட்ட லைசென்ஸ் உள்ள ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்கு. அந்தத் தெனாவெட்டு!

சும்மா வாங்கலைங்க. 2019 ஆகஸ்ட்ல கடையம் பக்கம் கல்யாணிபுரத்துல வயசான தம்பதியை அரிவாளோட தாக்க வந்த சிசிடிவி வீடியோ ஞாபகம் இருக்கா? பெரியவர் கழுத்தைப் பின்னாடி இருந்து துண்டால இறுக்குறான். அந்தம்மா உள்ளருந்து ஓடிவந்து செருப்பை எடுத்து எறியுறாங்க. அப்புறம் ரெண்டு பேருமா பிளாஸ்டிக் சேர், ஸ்டூல்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் வீசி விரட்டிட்டாங்க. அந்த சுதந்திர தினத்துல முதல்வர் கையால விருது கூட வாங்கினாங்க. நாமெல்லாம் ஃபார்வர்டு பண்ணி கைதட்டினோம். ஆனா அந்தம்மா கையில காயம், செயினும் போச்சு.

அத்தை வீடும் அதே மாதிரிதான். சுத்தித் தென்னை. கத்தினா யாருக்கும் கேக்காது.

மாமாவோட துப்பாக்கி பீரோவுக்குள்ள, தோட்டா வேற இடத்துல, சாவி மாமா இடுப்புல. மாமா வெளியூர்ல இருந்தா? 2024 தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சது, திரும்பி வர ஜூன் ஆயிடுச்சு. சரி, கையிலயே இருக்குன்னு வைங்க. தேங்காய் திருட வந்தவனைச் சுட முடியுமா? உயிருக்கு ஆபத்துன்னா எதிராளி செத்தாலும் அது தற்காப்புதான்னு சட்டம் சொல்லுது. வெறும் திருட்டுக்கு அந்த உரிமை கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துலயும் அப்படித்தான், 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் அப்படித்தான். வந்தவன் எந்த ரகம்னு இருட்டுல எப்படித் தெரியும்?

"காட்டினாலே ஓடிருவாம்ல" என்றார் மாமா.

"ஓடலேன்னா?"

பதில் இல்லை. சத்தம் போடுறதுக்கும் சுடுறதுக்கும் நடுவுல அவர்கிட்ட ஒண்ணுமே இல்லை. ஸ்பிரே அந்த இடத்துக்குத்தான். லைசென்ஸும் வேண்டாம்.

பேருதான் பெப்பர். குற்றாலக் கடைகள்ல பாக்கெட் போட்டு விக்கிற மிளகு இதுல இல்லை, மிளகாயோட எண்ணெய்ச் சாறு. கண்ணுல பட்டா தானா மூடிக்கும், மூச்சு முட்டும், அரைமணி நேரம் ஆள் காலி. ஆனா மூடின இடத்துல அடிச்சா அடிச்சவனுக்கும் சேர்த்துத்தான். 2014 பிப்ரவரியில தெலங்கானா மசோதா அன்னிக்கு மக்களவைக்குள்ள ஒரு எம்.பி. அடிச்சாரே, சக உறுப்பினர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

இவ்வளவு தெரிஞ்ச அறிவாளி நான் என்ன பண்ணேன்? டெமோ காட்டுறேன்னு முற்றத்துல மேற்கைப் பார்த்து நின்னு ஒரு அமுக்கு. செங்கோட்டைப் பக்கமிருந்து வர்ற ஆடிக் காத்து... அப்படியே என் மூஞ்சிக்கு! அத்தை மோரோட ஓடி வந்தாங்க. எண்ணெய்ங்கிறதால வெறும் தண்ணிக்கு அடங்கவும் இல்லை, சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி ஒரு வழியா கண்ணைத் திறந்தா, மாமா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார்.

அத்தை சிரிக்கலை. காத்து எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி நிக்கணும், எத்தனை வருஷம் வரும்னு வரிசையாக் கேட்டுக்கிட்டாங்க. இப்ப ஸ்பிரே கதவு பக்கத்து ஆணியில தொங்குது. உள்ள கிடந்த ரெண்டு பிளாஸ்டிக் சேரும் திண்ணைக்கு வந்துடுச்சு. சாரல் முடியிற வரைக்கும் சேர்தானாம்.