முதுகின் கணக்கு

என் அம்மாயி பசறைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் 36 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். தலையில் கயிற்றை மாட்டி, முதுகிற் கூடை சுமந்து, செங்குத்தான மலையில் ஏறி இறங்கிய அவர், இறுதிக் காலத்தில் லயத்து வாசற்படியைக்கூடச் சுவரைப் பிடித்தே கடந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. முதுகு நிமிர மறுத்தது.

நட்டஈடு கிடைக்குமா என்று கேட்டறிய அவர் பதுளைக்குச் சென்றபோது, சிறுவனாகிய நான் துணைபோனேன். அலுவலர் கடிந்துகொள்ளவில்லை. "எந்தத் தேதியில், எவ்விடத்தில் விழுந்தீர்கள்?" என்று மட்டுமே வினவினார். "விழவே இல்லீங்க ஐயா, நெதமும் சுமந்தேன்" என்றார் அம்மாயி. கேட்டதற்கு விடைசொல்லத் தெரியவில்லையே என்று நான் நாணித் தலைகுனிந்தேன்.

அவ்வினாவின் வேரைப் பின்னாளிற் சட்டநூலிற் கண்டேன். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலின்போது நேரும் விபத்துக் காயத்தையும் அட்டவணையிற் குறித்த தொழில்நோய்களையும் கருத்திற்கொண்டது. விபத்துக்குத் தேதியுண்டு; தேய்வுக்கு ஏது தேதி? 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதியோ அவர்தம் சேமிப்பு. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் நாட்கூலி பெறுவோர்க்கு ஓராண்டுக்கு 14 நாட் சம்பளம் தருகிறது. அது உழைத்த ஆண்டுகளை எண்ணும்; தேய்ந்த எலும்பை எண்ணாது.

அமெரிக்க முன்னாள் படைவீரரும் தம் மூட்டுநோய்க்கும் முதுகுநோய்க்கும் உதவித்தொகை கோருங்கால், அவை பணியால் விளைந்தன என்று காட்டவேண்டியவரே. எனினும் படைத்துறை மருத்துவப் பதிவேடு அவருக்குச் சான்றாகலாம். ஜேர்மனியோ, பல்லாண்டு பாரம் சுமப்பதால் இடுப்பு முள்ளந்தண்டில் உண்டாகும் நோயை 1993இலேயே தொழில்நோய்ப் பட்டியலிற் சேர்த்துவிட்டது. தேதியில்லா நோயையும் சட்டம் அறிய முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அம்மாயிக்கும் பதிவேடு இருந்தது. மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் எடை அன்றன்று தோட்டக் கணக்கில் ஏறிற்று. எடை குறைந்த நாளில் அரைப்பேர் என்றும் எழுதப்பட்டது. கூலியைக் குறைக்கச் சான்றான அவ்வேடு, முதுகுக்குச் சான்றாகலாம் என்று எவரும் எண்ணவில்லை.

அவர் சுமந்த கூடையாலேயே நான் படித்தேன். நெதமும் சுமந்தேன் என்ற சொல்லே சரியான விடை. பிழை வினாவில் இருந்தது. இதனை அவர் உயிரோடிருந்த காலத்தில் அவரிடம் நான் சொல்லவில்லை.