ஒற்றியூரை விட்டு ஒரு யாத்திரை

விடுமுறைக்கு எங்கேயாவது போக வேண்டும் என்ற பேச்சு ஒரு குடும்பத்தில் எழுந்துவிட்டால், அங்கே கட்சிகள் முளைப்பதற்கு ஒரு நாழிகை போதும். திருவொற்றியூர்த் தேரடிக்குச் சமீபத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இவ்வருஷம் மூன்று கட்சிகள் முளைத்தன. பட்டணத்தைச் சாங்கோபாங்கமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது தஞ்சாவூரிலிருந்து வரப்போகும் அத்தையின் கட்சி. கோவில் இல்லாத ஊரில் காலெடுத்து வைப்பதில்லை என்பது பாட்டியின் கட்சி. நீலக் கடலும் வெள்ளை மணலும் தென்னஞ்சோலையுமாக ஒரு தீவு வேண்டும் என்பது குழந்தைகளின் கட்சி. பணம் கொடுக்கிற எங்களுக்கு, வழக்கம் போல், வோட்டு இல்லை.

அத்தையின் கட்சியைத் திருப்தி செய்வது சுலபம். அந்தக் காலத்தில் வெளியூர் ஜனங்கள் சென்னைக்கு வந்தால் ‘செத்த காலேஜ்’, ‘உயிர்க் காலேஜ்’ இரண்டையும் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். எழும்பூர் மியூஸியம் முன்னது; மூர் மார்க்கெட்டுக்கு அருகிலிருந்த மிருகக் காட்சிச் சாலை பின்னது. உயிர்க் காலேஜ் 1985இல் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. செத்த காலேஜ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மெட்ரோ ரயில் 2021இல் விம்கோ நகர் வரையில் வந்துவிட்டபடியால், எங்கள் பேட்டையிலிருந்து எழும்பூருக்குப் போவது இப்போது ஒரு பிரயாணமே அல்ல. ஆனால் ராயபுரம் ரயில் நிலையத்தை அத்தைக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதன் தூண்களைப் பார்த்தால் ஒரு சிற்றரசரின் அரண்மனை என்று தோன்றும். வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பாட்டியின் கட்சிதான் சங்கடமானது. “ஒற்றியூரை விட்டுப் போனவர் கதி என்ன ஆயிற்று, தெரியுமோ இல்லையோ?” என்று ஆரம்பித்தாள். சுந்தரமூர்த்தி நாயனாரின் கதையைத்தான் சொல்கிறாள். மகிழ மரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்கு, “உன்னைப் பிரியேன்” என்று சபதம் செய்து கொடுத்தவர் அவர். திருவாரூரின் வசந்த விழா ஞாபகத்துக்கு வந்ததும் கிளம்பிவிட்டார். எல்லையைத் தாண்டிய உடனே இரண்டு கண்களிலும் பார்வை போயிற்று. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும் திரும்பக் கிடைத்தன. விடுமுறை யாத்திரைக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு உண்டா? தவிர, வருஷம் முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் ஆதிபுரீசுவரரைக் கவசமின்றித் தரிசிக்கக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள்தான் உண்டு. அது முடியும் வரையில் தான் அசைவதாக இல்லை என்று பாட்டி சொல்லிவிட்டாள். ஆகையால் பிரயாணம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று.

இனித் தீவு. ராமேசுவரம் போனால் கோவிலும் தீவும் ஒரே செலவில் ஆகும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தையும் பார்க்கலாம். ஆனால் பாட்டி நாலு தடவை போய் வந்தாயிற்று; குழந்தைகளும் பள்ளிக்கூடத்தோடு போய் வந்தாயிற்று. எனவே அந்தமான் என்று முடிவாயிற்று. அதற்கு எங்களுக்கு ஒரு விசேஷ சௌகரியமும் உண்டு. மற்றவர்கள் விமானத்தில் இரண்டரை மணிக்குள் போய் இறங்குகிறார்கள். எங்களுக்கோ சென்னைத் துறைமுகம் அடுத்த வீடு மாதிரி. அங்கிருந்து சர்க்கார் கப்பல் புறப்பட்டுச் சுமார் மூன்று நாளில் போய்ச் சேருகிறது. மூன்று நாள் கடலும் வானமும் தவிர வேறொன்றும் தெரியாது என்பதைக் கேட்டுச் சித்தப்பா பயந்தார், குழந்தைகள் குதித்தார்கள்.

“அந்தமானில் கோவில் உண்டா?” என்று பாட்டி கேட்டாள். தமிழர்கள் கட்டிய முருகன் கோவில் இருக்கிறது என்றோம். அவ்வளவோடு விடாமல், எங்கள் சரித்திர ஞானத்தையும் கொஞ்சம் காட்டினோம். நம் ஒற்றியூர்க் கோவிலின் தூங்கானை மாட விமானம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழும்பியது. அதே ராஜேந்திரனுடைய கப்பற்படை 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடல் கடந்து வென்ற இடங்களில் மாநக்கவாரம், அதாவது நிக்கோபார், ஒன்று என்று அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. அப்படியானால் நாம் நம் ராஜா போன வழியில்தானே போகிறோம் என்றாள் பாட்டி. நிக்கோபாருக்கு உல்லாசப் பிரயாணிகளை விடுவதில்லை என்ற விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ராஜேந்திரன் வென்ற ராஜ்யத்தின் பெயரும் அதுதான்.

அந்த ஊரில் நாங்கள் முதலில் போக நினைப்பது கடற்கரைக்கு அல்ல. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்தச் சிறையில் 698 தனி அறைகள் இருந்தன. ஒருவர் முகம் மற்றொருவருக்குத் தெரியாதபடி, ஏழு சிறகுகளாகக் கட்டினார்கள். அவற்றில் மூன்று நிற்கின்றன. தேசத்துக்காகக் குற்றவாளிகளானவர்களைக் கால்களில் விலங்கிட்டு ‘மகாராஜா’ என்னும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில பிரயாணங்கள் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டன. நாம் மெத்தையும் சாப்பாடும் கேட்டுச் சீட்டு வாங்கும் அதே கடல் வழி. 1943 டிசம்பர் 30ஆம் தேதி நேதாஜி அங்கே கொடியேற்றினார். தீவுகளுக்கு அவர் சூட்டிய ஸ்வராஜ், ஷஹீத் என்ற பெயர்கள் 2018 முதல் இரண்டு தீவுகளுக்கு வழங்குகின்றன. குழந்தைகள் ஆசைப்படும் வெள்ளை மணல் ஸ்வராஜ் தீவில்தான் இருக்கிறது.

இந்த மணல் விஷயத்தில்தான் எட்டு வயதுப் பெண் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்: “நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறதே, அங்கே ஏன் மணல் இல்லை? ஏன் பாறாங்கல்லாகக் கொட்டியிருக்கிறார்கள்?”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதில் தெரியாமல் அல்ல. இந்தக் கரையோரமாக வருஷத்தின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். 1881ஆம் வருஷத்துப் புயல் அதைப் பிய்த்தெறிந்தது, மறுபடியும் கட்டினார்கள். அன்று முதல் வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. அப்படித் தங்கி அகன்றதுதான் மெரீனாக் கடற்கரை. வடக்கே ராயபுரம் முதல் எங்கள் ஊர் வரையில் மணல் வருவது நின்று, கடல் வீதிகளையும் குப்பங்களையும் தின்றுகொண்டு வந்தது. கல் கொட்டித் தடுத்தார்கள். தெற்கே மாலை வேளையில் சுண்டல் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கீழே இருப்பது எங்கள் மணல் என்று சொன்னால், அவர்கள் எழுந்துவிடப் போவதில்லை.

“தீவும் இங்கேயே இருந்ததே!” என்றாள் பாட்டி.

இருந்தது என்ன, இருக்கிறது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் ஆறும் கால்வாயுமாக நீண்டு கிடப்பது காட்டுப்பள்ளி. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒரு காலத்தில் எண்ணூருக்குத்தான் உல்லாசமாகத் தங்கப் போனார்கள். 1806இல் சென்னையிலிருந்து பதினொரு மைல் கால்வாய் வெட்டியது அவ்வூர் வரையில்தான். பின்பு அனல் மின்நிலையங்கள் வந்தன; 2001இல் ஒரு துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளியிலேயே மற்றொன்று. மின்சாரம் எங்களுக்கும் வேண்டும், வேலையும் வேண்டும். எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் அந்தப் பக்கத்து ஆலைகளில் உத்தியோகம் பார்த்தவர்கள். ஆயினும் நிலக்கரிச் சாம்பலைக் கழிமுகத்துச் சேற்றில் விட்டதற்கு நியாயம் சொல்ல அவர்களாலும் முடியவில்லை. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை சேர்ந்தபோது, ஜனங்கள் வாளி வாளியாக அதை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்திலேயே புகுந்து, படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது.

பணம் செலவழித்து மூன்று நாள் கப்பலில் போய்ப் பார்க்க இருக்கும் பொருளை, நாம் இங்கே எவ்வளவு மலிவாக விற்றோம் என்று சித்தப்பா கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய கணக்கு எப்போதும் நீளமானது; இங்கே எழுத இடமில்லை.

கடைசியில் நிகழ்ச்சி நிரல் இப்படி ஆயிற்று. கப்பல் தேதியை வெகு முன்னதாகத் தெரிவிப்பதில்லையாதலால், மூட்டை கட்டித் தயாராக இருப்பது. அதற்குள் அத்தை வந்ததும் ஒரு நாள் ராயபுரமும் எழும்பூரும். ஒரு நாள் வடிவுடையம்மன் சந்நிதியும் கடலோரத்துப் பட்டினத்தார் சமாதியும். மூன்றாவது நாள், குழந்தைகள் அந்தமானைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணூரைப் பார்த்துவிட வேண்டும் என்ற பாட்டியின் பிடிவாதத்தின் பேரில், கழிமுகத்தில் ஒரு படகுப் பிரயாணம். காட்டுக்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறோம். இறால் கிடைக்காத நாளாகப் பார்த்து வாருங்கள், அழைத்துப் போகிறேன் என்றார். அப்படிப்பட்ட நாட்கள் இப்போது நிறைய இருக்கின்றனவாம். எந்த நாளானாலும் சரி என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.