மழையும் ஒரு கிண்ணம் ராமெனும்

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை. பீட்டி சாலையில் தமிழாசிரியர் கூட்டம் ஒன்று முடிந்து ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லை; மாணவர் கட்டுரைகள் அடங்கிய பை மட்டுமே இருந்தது. அதை மார்போடு அணைத்தபடி கடைவீடுகளின் அஞ்சடியில் ஒதுங்கினேன்.

அங்கேதான் அந்தச் சிறிய ஜப்பானிய உணவகத்தைக் கண்டேன். பத்துப் பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் இடம். மிளகாய் அரைக்கும் மணமும் மல்லிகை மணமும் பழகிய நம் வட்டாரத்தில், கடற்பாசியும் காளானும் கொதிக்கும் மணம் புதிதாக இருந்தது. காய்கறி ராமென் கேட்டேன். ஆவி பறக்கும் சாற்றில் நூல் நூலாக மீ. மேலே சோளமும் வெங்காயத் தாளும். குளிருக்கு அது அமுதமாக இருந்தது. அடுத்த மேசையில் இரண்டு தமிழ் மாணவிகள் குச்சிகளால் மிக இயல்பாக உண்டுகொண்டிருந்தனர்.

அவர்களைப் பார்த்தபோது, நாங்கள் எந்த மண்ணில் அமர்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் எழுந்தது. ஃபேரர் பார்க் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, இதே திடலில்தான் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் அவர்களிடையே பேசினார். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அது.

நம்மவர்க்கு அக்காலம் இரு முகம் கொண்டது. விடுதலைக் கனவோடு இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, சயாம் ரயில் பாதையில் மடிந்த தமிழர்களும் உண்டு. ஊரில் எஞ்சியவர்கள் அரிசிக்கு ஏங்கி, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். என் பாட்டி தம் இறுதிக்காலம் வரை அக்கிழங்கை வீட்டிற்குள் அனுமதித்ததில்லை. "ஜப்பான் காலத்தில் தின்றது போதும்" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

பசி அந்தப் பக்கமும் இருந்தது. போருக்குப் பின் ஜப்பானியரும் உணவின்றித் தவித்தனர். ஒசாகாவின் கள்ளச் சந்தையில் ஒரு கிண்ணம் ராமெனுக்காக மக்கள் குளிரில் வரிசை பிடித்து நின்ற காட்சியை மறக்க முடியாதவர் மோமோஃபுக்கு ஆண்டோ. அவர்தான் 1958இல் உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். சீனக் குடியேறிகளிடமிருந்து ஜப்பானியர் கற்ற உணவு, இன்று நம் பிள்ளைகள் விரும்பும் உணவாகிவிட்டது.

பிள்ளைகள் ராமென் உண்பதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. பாட்டனாரின் பகையைப் பேரப்பிள்ளை சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டனார் பட்ட பசியை அறியாமல் வளர்வது வேறு. பகையை விடலாம், நினைவை விடலாகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1942இல் 10 வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று 90ஐக் கடந்தவர். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ இருந்தால், பிள்ளையை அவரருகே அமர்த்தி, "ஜப்பான் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், பாட்டி?" என்று தமிழிலேயே கேட்கச் செய்யுங்கள். அந்நினைவுகள் அவர்கள் நெஞ்சில் தமிழில்தான் பதிந்துள்ளன.

ஆசிரிய நண்பர்களே, அத்தகைய மூத்தோர் இல்லாத மாணவர்களுக்கும் வழி உண்டு. 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நிலையம் தமிழிலும் நேர்காணல்களைப் பதிவு செய்திருக்கிறது. கேட்டல், பேசுதல் பயிற்சிக்கு இவற்றைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.