கூரைக்குள் விழும் பனி

டிசம்பர் 19, வெள்ளி

மார்கழி பிறந்து நான்கு நாள். மொட்டைமாடி அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்ததும் கீழேயிருந்து அம்மாவின் குரல்: "பனி இறங்குதுடா, தலையில துண்டைக் கட்டிக்கோ." மதுரையில் பனி என்றால் அவ்வளவுதான். விடியற்காலையில் ஸ்கூட்டர் சீட்டில் ஈரமாகப் படிந்திருக்கும். கையால் துடைத்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். இந்த ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்று பனிமலைக்குக் கிளம்பினேன்.

போன இடம் செகண்ட் லைஃப். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் இணையத்தில் திறந்துவைத்த மெய்நிகர் உலகம். 2007இல் மாலத்தீவும் ஸ்வீடனும் அதற்குள் தூதரகம் திறந்தன, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்த ஆரவாரம் எப்போதோ அடங்கிவிட்டது. ஊர் மட்டும் காலியாகவில்லை. நான் உள்ளே நுழையப் பயன்படுத்தும் செயலியின் பெயர் ஃபயர்ஸ்டார்ம். பனியைப் பார்க்க நெருப்புப் புயலில் ஏறிப் போனவன் நானாகத்தான் இருப்பேன்.

அங்கே ஒரு பனிச்சறுக்கு விடுதியில் இறங்கியதும் எங்கும் சாம்பல் நிறம். பைன் மரம் ஒன்றில் பாதி வந்தது. பிறகு விடுதியின் கூரை, பிறகு தரையின் வெள்ளை. நானே இன்னும் வந்து சேரவில்லை. உருவம் முழுதாக இறங்கும்வரை அங்கே மற்றவர்களுக்கு ஆள் ஒரு மேகமாகத்தான் தெரிவான். மலைக்கு மேகமாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மேகம் கலைந்தபோது அரைக்கைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தேன். ரோமத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி அருகில் வந்து, "குளிரவில்லையா?" என்று தட்டச்சு செய்தார். "இல்லையே" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் பேசாமல் நகர்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சாமியாடிக்கொண்டிருப்பவரிடம் போய், "நீங்க அந்த டெய்லர் கடைக்காரர்தானே?" என்று கேட்டது போன்ற காரியம் செய்திருக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

அதே பெண்மணி இன்று ஒரு கோட்டு கொடுத்தார். இலவசம்தான். அணியச் சொன்னார், அணிந்தேன். என் வலது கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து ஒட்டிக்கொண்டது! துணி அங்கே பெட்டிக்குள்தான் வருமாம். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்து உடுத்த வேண்டுமாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பெட்டியோடு நடப்பார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

திறந்து உடுத்தினால் வேறு தொல்லை. அங்கே உடம்பையும் பல கடைகளில் விற்கிறார்கள். ஒரு கடை உடம்புக்குத் தைத்த துணி இன்னொரு கடை உடம்பில் உட்காராது. என் மார்பும் தோளும் கோட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்தன. அதற்கும் வழி உண்டு: துணி மறைக்கிற பாகத்தை உடம்பிலிருந்தே மறைத்துவிடலாம். மறைத்தேன். கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. கழுத்துக்குக் கீழே இடுப்புவரை நான் இல்லை. கோட்டுக்குள் ஆளே இல்லாதபோது குளிர் யாருக்கு என்று கேட்கத் தோன்றியது. நேற்றைய அனுபவத்தால் கேட்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மலையை அளந்து பார்த்தேன். அங்கே நிலத்தை 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம் கணக்கில் 16 ஏக்கர் சொச்சம். இந்த விடுதி மொத்தமும் ஒரே சதுரம். அதற்குள் மலை, விடுதி, உறைந்த ஏரி, நாற்காலி தொங்கும் கம்பிவட ஊர்தி, சறுக்குப் பாதை எல்லாம் அடங்க வேண்டும். அதனால் பாதையை மலையைச் சுற்றி முறுக்கு மாதிரி சுழற்றிவிட்டிருக்கிறார்கள்.

சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டி, விசைப்பலகையின் அம்புக்குறிகளால் இறங்கினேன். மூன்று முறை மரத்தில் மோதினேன். நான்காவது முறை வளைவில் திரும்ப மறந்து நேராகப் போய், ஆகாயத்தில் முட்டி நின்றேன். சதுரம் அங்கே முடிந்துவிட்டது. எதிரே தெரிந்த நீலச் சிகரங்கள் வெறும் அலங்காரம், தொட முடியாது.

பொழுதும் அப்படித்தான். அந்த உலகத்தின் வழக்கமான நாளுக்கு மொத்தம் 4 மணி நேரம்: 3 மணி பகல், 1 மணி இரவு. இந்த விடுதிக்காரர் அதை ஏற்காமல் சூரியனை மலைவிளிம்பில் நிறுத்திவைத்திருக்கிறார். எந்நேரம் போனாலும் அந்தி.

டிசம்பர் 24, புதன்

விடுதிக்குள் கணப்பு எரிகிறது. சோபாவில் ஆறு பேர். ஒருவர் கைகளைத் தேய்த்துக்கொள்கிறார். அதற்கென ஒரு அசைவை விலைக்கு வாங்கியிருக்கிறார். யாரும் வெளியே கோட்டில்லாமல் நிற்பதில்லை. யாரும் யாரையும் சொந்த ஊர் எது என்று கேட்பதில்லை, அது நாகரிகமில்லை. பனி கணப்பின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

கூரையில் ஓட்டை இல்லை. அங்கே பனி என்பது மேலே கட்டிவைத்த ஒரு பொருள் உமிழும் துகள்கள். அவற்றுக்குச் சுவரும் தெரியாது, கூரையும் தெரியாது. எதிலும் மோதாமல் ஊடுருவி விழும். கெட்டிக்காரர்கள் அந்தப் பொருளைக் கூரைகளைத் தவிர்த்துப் பொருத்துவார்களாம். இங்கே ஓர் ஓரம் தப்பிவிட்டது. கணப்பு அணையவில்லை, பனியும் உருகவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை, கூட்டுக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் போல.

"அந்தப் பெரிய துகள் உங்கள் தொப்பி வழியாகப் போகிறது, பாருங்கள்" என்றேன் பெண்மணியிடம். "எனக்கு அது தெரியாது" என்றார். விளக்கமும் கொடுத்தார். துகள்களைச் சேவையகம் அனுப்புவதில்லை. இப்படி விழட்டும் என்ற விதியை மட்டும் அனுப்புகிறது. விழவைப்பது அவரவர் கணினி. நான் பார்க்கும் துகள் அவர் திரையில் இல்லை. அவர் பார்ப்பது என் திரையில் இல்லை. நான்கு நாளாக ஒரே பனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்திருந்தேன். சோபா ஒன்றுதான். பேச்சும் ஒன்றுதான். பனி ஆளுக்கொன்று.

வெகுநேரம் எனக்கு மட்டுமான பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "கோட்டு நன்றாக இருக்கிறது" என்றார்.

டிசம்பர் 28, ஞாயிறு

கனடாவிலிருந்து அக்கா பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். "டேய், வாசல்ல முழங்கால் வரைக்கும் கெடக்கு, ரெண்டு மணி நேரமா அள்ளிட்டு இப்பத்தான் உள்ள வந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. நீ கரண்டு செலவு பண்ணிப் போய்ப் பாக்குறியா?" அவளையும் கூப்பிட்டேன். நான் போகும் நேரத்தில் தூங்குவாளாம்.

விடுதி வாசலில் உண்டியல் மாதிரி ஒரு ஜாடி உண்டு. இப்படி ஒரு தனிச் சதுரத்துக்கு லிண்டன் லேப்காரர்கள் ரொம்ப காலம் மாதம் 295 டாலர் வாங்கினார்கள். 2018இல் 249 ஆக்கினார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். அப்போதும் ஒரு தனிமனிதர் பொழுதுபோக்குக்குத் தருகிற தொகையா அது? அந்த உலகத்துப் பணத்தில் 100 லிண்டன் டாலர் போட்டேன். அசல் டாலரில் அரைக்கும் குறைவு.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். ஊரே ஊர் பார்க்கக் கிளம்பும் நாள். நான் மலைக்குப் போனேன். மலை பச்சையாக இருந்தது!

பனி உருகியதாக நினைத்துவிடக் கூடாது. அங்கே தரை என்பது உயரத்துக்கு ஏற்ப விரித்த நான்கு படங்கள். உரிமையாளர் அமைப்புப் பக்கத்துக்குப் போய் வெள்ளைப் படங்களை எடுத்துவிட்டுப் புல்லைப் போட்டிருக்கிறார். ஐந்து நிமிட வேலை. நிர்வாகமே அமைத்த பனிநிலம் சன்சாரா என்கிற பெருங்கண்டத்தில் இருக்கிறது, அங்கே ஆண்டு முழுக்கக் குளிர்காலம். இங்கே குளிர்காலம் எத்தனை நாள் என்பது ஒருவர் மனசு.

சறுக்குப் பாதை இருந்த இடத்தில் குட்டைச் செடிகள். ஏரியில் படகு. சோபாவில் யாருமில்லை. விடுதிக்குப் பின்னால் போனேன். மரமேஜை ஒன்றின் மீது மட்டும் பனி விழுந்துகொண்டிருந்தது. மேலே எதையோ கழற்ற மறந்திருக்கிறார். மேஜையைத் துளைத்து, புல்லைத் துளைத்து, தரைக்குள் போய்க்கொண்டே இருந்தது.

உரிமையாளருக்கு ஒரு குறிப்பு அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அம்மா கீழேயிருந்து கூப்பிட்டாள். அழகர்கோயிலுக்கு வண்டி வந்துவிட்டதாம், புளியோதரையை நான்தான் தூக்க வேண்டுமாம். கோட்டைக் கழற்றாமலேயே கணினியை மூடிவிட்டு இறங்கினேன்.