மழைச் சளிக்கு வாங்கிய கெப்சூல்

நானுஓயா, நவம்பர் 18

இதய பைபாஸ் ஒப்பரேஷன் முடிந்து தோட்ட லயத்துக்குத் திரும்பிய பெரியப்பாவின் நெஞ்சுக் காயம் இன்று கீழ்முனையில் சிவந்து சீழ் கசிகிறது. உடம்பும் சுடுகிறது. பெரியம்மா அலுமாரியைத் துழாவினார். “மழைச் சளிக்கு வாங்கின அமொக்சிசிலின் மிச்சம் கெடக்கு புள்ள. ரெண்ட குடுத்தா காஞ்சிறாதா?” வேண்டாம் என்று சொல்லி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மருந்து தொடங்குமுன் சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அதுதான் சொல்லும்.

நவம்பர் 19

பைபாஸில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, முடிவில் உருக்குக் கம்பியால் கட்டுகிறார்கள். தொற்று மேல்தோலோடு நின்றால் ஆற்றிவிடலாம். எலும்புக்குள்ளும் அதன் பின்னாலும் இறங்கினால் மறுபடி திறந்து சுத்தம் செய்ய நேரும், உயிருக்கே ஆபத்து. பெரியப்பாவைப்போல் சீனி வியாதி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

நவம்பர் 21

முடிவு வந்தது: எம்.ஆர்.எஸ்.ஏ. ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமியின் மருந்துக்கு அடங்காத வகை. சாதாரண ஸ்டெஃபிலோகொக்கஸ் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் தொந்தரவில்லாமல் வாழ்கிறது. வெட்டுக்காயம் கிடைத்தால்தான் வினை. எம்.ஆர்.எஸ்.ஏ.வை அமொக்சிசிலின் அசைக்காது. ஒப்பரேஷனுக்கு முன் காப்பாகப் போடும் வழக்கமான ஊசிகளும் அசைக்காது. வென்கோமைசின் ஏற்றுகிறார்கள்.

1945இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் பெனிசிலின் எடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று அலெக்சாண்டர் ஃபிளெமிங் எச்சரித்தார். பெனிசிலினை மீறிய கிருமிக்காக வந்த மெதிசிலினையும் மீறிய இந்த எம்.ஆர்.எஸ்.ஏ. 1961இலேயே இங்கிலாந்தில் பதிவானது. 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 12.7 இலட்சம் பேர் என லான்செட் இதழின் ஆய்வு மதிப்பிட்டது.

நவம்பர் 23

இந்தக் குளிரில் வரும் தடிமன் பெரும்பாலும் வைரசால் வருவது. என்டிபயோட்டிக் அதைத் தொடாது. ஆனால் விழுங்கிய கெப்சூல் உடம்பிலுள்ள மற்றப் பாக்டீரியாக்களில் எளியவற்றைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றைப் பெருகவிடும். அவை கைவழியாக அடுத்தவருக்குப் போகும். ஒரே தண்ணீர்ப் பீலியில் பல குடும்பங்கள் புழங்கும் லயத்தில் அதற்கு அதிக நேரம் பிடிக்காது. நம் சனங்கள் அறியாமையால் மட்டும் பாமசிக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும்.

ஆகவே இரு தரப்பினரிடம் கேட்கிறேன். தோட்ட நிர்வாகங்களே, நோயாளி கிளினிக் போகும் நாளுக்கும் பேர் போடுங்கள். என் சனங்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் என்டிபயோட்டிக் வாங்காதீர்கள். மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவும் நாளும் தவறாதீர்கள். ஒப்பரேஷன் காயம் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.