முகப்பில் இல்லாத பெயர்கள்

என் வீட்டுச் சுவரில் ஆறு கடிகாரங்கள் இருக்கின்றன. ஆறும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஆறும் ஒருநாளும் ஒரே நேரத்தைக் காட்டியதில்லை. "எங்க வீட்டில் பன்னிரண்டு மணி அடிச்சு முடிக்க ஏழு நிமிஷம் ஆகும்" என்று என் மனைவி வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது 1979-ஆம் ஆண்டில். விடைத்தாள் திருத்தச் சென்னைக்குப் போயிருந்தேன். 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் அன்று உயிரோடு இருந்தது. பழைய புத்தகம் தேடி நுழைந்தவன் கண்ணில் தூசி படிந்த வட்டக் கடிகாரம் ஒன்று பட்டது. மகாகனி மரச்சட்டம், 12 அங்குல வெள்ளை முகப்பு, ரோமானிய எண்கள். நடுவில் ஒரு பெயர். அதன் கீழ் 'லண்டன்'. அந்த ஒரு சொல்லில் மயங்கிப் போனேன். விலை 275 ரூபாய். தங்கை திருமணத்துக்காக அடகு வைத்த அம்மாவின் வளையலை, திரும்பும் வழியில் மீட்டு வருவதாகச் சொல்லி எடுத்து வந்த பணம் என் சட்டைப்பையில் இருந்தது.

கடிகாரத்தைத் திண்ணையில் இறக்கி வைத்தபோது அம்மா முந்தானையால் முகப்பைத் துடைத்தாள். "நல்லாத்தாண்டா இருக்கு" என்றாள். வளையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் இரவு, கடிகாரத்துக்குள் 'படார்' என்று ஓர் ஓசை. ஊசல் நின்றுவிட்டது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே பெட்டிக்கடை அளவில் ஒரு கடிகாரக் கடை உண்டு. அதன் உரிமையாளரை ஊரே 'பாய்' என்றுதான் அழைக்கும். அவர் பின்பக்கத்தைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"செயின் அறுந்திருக்கு சார். இந்தச் சாமான் இப்ப யாரும் செய்யறதில்ல."

அப்போதுதான் 'ஃபியூஸி' என்பதை முதன்முதலாகக் கண்டேன். கோபுரம்போல் அடியில் பருத்து நுனியில் சிறுத்த ஓர் உருளை. அதன்மேல் சுற்றுச் சுற்றாகப் பள்ளம். முழுச்சாவி கொடுத்த சுருள்வில் வலுவாக இழுக்கும். நாள் ஆக ஆக வலு குறையும். அப்படியே விட்டால் கடிகாரம் முதலில் ஒரு விதமாகவும் பின்னர் ஒரு விதமாகவும் ஓடும். ஆகவே வில் வலுவாக இருக்கும்போது சங்கிலி உருளையின் சிறுத்த நுனியை இழுக்கிறது. தளரும்போது பருத்த அடியை இழுக்கிறது. ஆரம் கூடுவதால் விசையின் குறைவு ஈடாகிவிடுகிறது. நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன் நான். அது கோபுர வடிவில் என் வீட்டுத் திண்ணையில் கிடந்தது தெரியாமல் போயிற்று!

சங்கிலி, சைக்கிள் சங்கிலியைச் சுருக்கிச் செய்தாற்போல் இருந்தது. "இதைச் செஞ்ச கை எவ்வளவு சின்னதா இருக்கணும் சார்!" என்றார் பாய்.

அந்தப் பேச்சின் பொருள் பல ஆண்டுகளுக்குப் பின், நூல்களைப் படித்தபோதுதான் விளங்கியது. கடிகாரம் சேர்ப்போர் பெயர்களையே பேசுவார்கள். தாமஸ் டாம்பியன் 1713-இல் இறந்தார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கிரஹாம் 1751-இல். இருவரும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒரே கல்லறையில் கிடக்கிறார்கள். டாம்பியனின் பெயர் பொறித்த கடிகாரம் ஒன்று ஒரு மாளிகையின் விலை பெறும். ஆனால் என் கடிகாரம்போன்ற சாதாரண வட்டக் கடிகாரங்களின் முகப்பில் இருப்பது பெரும்பாலும் விற்ற கடைக்காரரின் பெயர்தான். உள்ளே இருக்கும் பொறி, லண்டனில் கிளார்க்கன்வெல் போன்ற பகுதிகளின் பட்டறைகளில் பெயர் தெரியாத பலர் செய்தது. சங்கிலிகளுக்கோ கிறைஸ்ட்சர்ச் என்ற சிற்றூர் பேர்போனது. 1790-இல் ராபர்ட் காக்ஸ் என்பவர் அங்கே தொழிலைத் தொடங்கினார். கண்ணுக்கு எட்டாத கண்ணிகளைக் கோத்து ஆணியடித்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். ஏழையர் விடுதிக் குழந்தைகளும் அவர்களுள் உண்டு. அந்த வேலையால் கண் கெட்டவர்கள் பலர். அவர்களுக்குக் கல்லறை எழுத்து ஏது?

பாய் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். தையல் ஊசியை அராவி ஆணி செய்து, அறுந்த கண்ணியை இணைத்தார். கூலி பதினைந்து ரூபாய். கொடுக்கும்முன் பின்தகட்டைக் காட்டினார். மங்கலாகக் கீறிய இரண்டு ஆங்கில எழுத்துகள், 1893. சற்றுத் தள்ளி வேறு கையெழுத்து, 1921.

"ரிப்பேர் பண்ணினவங்க போட்டது சார். நானும் போட்டுக்கட்டுமா?"

தமிழில் ஓரெழுத்தும் தேதியும் கீறினார்.

வளையலை 1981 பொங்கலுக்குத்தான் மீட்க முடிந்தது. அதற்குப் பின் வாங்கிய கடிகாரங்கள் எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு வாங்கியவை. அவற்றுள் ஒன்று, ஒரு கடிகாரத்தின் பெட்டியில் மற்றொன்றின் பொறியை வைத்தது; இதைச் சேகரிப்போர் 'கலியாணம்' என்கிறார்கள்! பொருத்தம் பார்க்காமல் நடந்த கலியாணம்தான், ஆனாலும் ஓடுகிறது. முதல் கடிகாரத்தின் முகப்புப் பெயர் மங்கியபோது, "பேர்போன பெயராக எழுதித் தருகிறேன், இருமடங்கு விலை போகும்" என்றார் ஒரு வியாபாரி. வேண்டாமென்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பாய் இறந்து வெகு காலமாயிற்று. சென்ற மாதம் எண்ணெய் இடுவதற்காகப் பின்பக்கத்தைத் திறந்தேன். அவர் கீறலுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நான் செய்தது எண்ணெய் இட்டது மட்டுந்தானே!