ஆற்று நீரில் ஒரு தபால் முத்திரை

நம்மூரில் பிரான்சில் உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. எனக்கும் அங்கே ஒரு தங்கை. ஒருமுறை அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, துணி துவைக்கும் பவுடர் பெட்டியில் ‘சான் ஃபோஸ்ஃபாத்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்தேன். பாஸ்பேட் இல்லாதது என்று பொருள். இல்லாத பொருளுக்கு எதற்கு இவ்வளவு விளம்பரம் என்று கேட்டேன். “ஆத்துக்கு ஆகாதுண்ணே, அதான் தடை பண்ணிட்டாங்க” என்றாள். அங்கே வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு 2007-இல் தடை வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

பாஸ்பரஸ் நமக்குப் பள்ளிக்கூடத்தில் ‘ஃபோஸ்ஃபோர்’. 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி, கடைசியில் இருட்டில் ஒளிரும் இந்தப் பொருளைக் கண்டார். தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் பயிருக்கும் எலும்புக்கும் இது இல்லாமல் முடியாது.

வயலில் இருக்கும்வரை நல்லது. ஆற்றுக்கும் ஏரிக்கும் அளவு மீறிப் போனால் பாசி தழைக்கிறது. அந்தப் பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் மடிகிறது. சில பாசிகள் விஷமும் சுரக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரில் அப்படித்தான் ஆயிற்று. நான்கு லட்சம் பேருக்கு மேல் சுமார் மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும்.

இந்தப் பாஸ்பேட் எங்கிருந்து வந்தது? உழவரைக் கேட்டால் சாக்கடையைக் காட்டுவார். நகரத்தைக் கேட்டால் உரத்தைக் காட்டும். ஆலைக்காரர் இருவரையும் காட்டுவார். தண்ணீரைச் சோதித்தால் எவ்வளவு என்று தெரியும், யாருடையது என்று தெரியாது. தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு இது புரியும். அனுப்பியவர் பெயரில்லாத உறை வந்தால் என்ன செய்வோம்? மேலே உள்ள அஞ்சல் முத்திரையைப் பார்ப்போம். எந்த ஊர் என்றாவது தெரியுமே!

பாஸ்பேட்டிலும் அப்படி ஒரு முத்திரை இருக்கிறது. ஒரே தனிமத்தின் அணுக்களில் சில லேசாகவும் சில கனமாகவும் இருப்பதுண்டு. அவற்றை ஐசோடோப்பு என்கிறார்கள். பாஸ்பரசில் கதிர்வீச்சு இல்லாத நிலையான வகை ஒன்றே ஒன்றுதான். ஆகவே அதை வைத்து ஆள் அடையாளம் காண முடியாது. ஆனால் ஒரு பாஸ்பரஸ் அணுவோடு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்ததே பாஸ்பேட். ஆக்சிஜனில் 16 என்ற லேசான வகையும் 18 என்ற கனமான வகையும் உண்டு. வெறும் தண்ணீரில் கரைந்து கிடக்கும்போது இந்தப் பிணைப்பு லேசில் விடாது. அதனால் அது பிறந்த இடத்தின் கன-லேசு விகிதம் கூடவே பயணம் செய்கிறது. ஆய்வாளர்கள் ஆற்று நீரிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்து, வெள்ளியோடு சேர்த்து மஞ்சள் நிறத் தூளாக்கி, 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வரும் வாயுவைக் கருவியில் அளக்கிறார்கள்.

இதிலும் சிக்கல் உண்டு. நுண்ணுயிர்கள் பாஸ்பேட்டைத் தின்று வெளிவிடும்போது பழைய ஆக்சிஜனை மாற்றிவிடுகின்றன. அந்த நீருக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற புது முத்திரை விழுந்துவிடும். உரமும் சாக்கடையும் சில ஊர்களில் ஒரே அளவு காட்டுவதும் உண்டு. சாட்சி நல்லவர்தான், ஆனால் நாளாக நாளாக ஞாபகம் மங்கும்.

அப்படி இருந்தும் இந்தச் சாட்சி சொன்ன ஒரு சேதி என்னை உட்கார வைத்தது. அதே ஈரி ஏரியைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறுகள் கொண்டுவந்த பாஸ்பேட்டின் அளவு சராசரியாக 11. நுண்ணுயிர்கள் முழுக்க மாற்றியிருந்தால் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஏரியில் சில இடங்களில் 17 வரை இருந்தது. அப்படியானால் ஆறுகளைத் தவிர, கணக்கில் வராத இன்னொரு வரவு இருக்கிறது. ஏரியின் அடிச்சேற்றிலிருந்து அது கசிந்து வரலாம் என்பது அவர்கள் சொன்ன ஒரு சாத்தியம்.

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரையாமலிருக்கக் குடிநீரிலேயே பாஸ்பேட் கலக்கிறார்கள். குழாய் ஒழுகினால் அதுவும் மண் வழியே ஆற்றுக்குப் போகலாம். அதையும் இதே முத்திரையை வைத்துத் தேடுகிறார்கள். உழவரும் நகரத்தாரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, யார் பட்டியலிலும் இல்லாத ஒருவர் ஓசையில்லாமல் நிற்கிறார்.

அடிச்சேறு என்றால் என்ன? முப்பது நாற்பது வருஷமாக நாம் விட்டதெல்லாம் படிந்து கிடப்பது. இன்றைக்குச் சோப்புத்தூளை மாற்றி, சாக்கடையைச் சுத்தம் செய்து, உரத்தையும் அளந்து போட்டாலும், அப்பா காலத்துக் கடனை ஏரி தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷமும் பாசி வந்தால் ‘செய்ததெல்லாம் வீண்’ என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லுமுன் இது புது வரவா, பழைய பாக்கியா என்று பார்க்க வேண்டும். புது வரவென்றால் அனுப்பியவரைத் தேடலாம். பழைய பாக்கியென்றால், புதிதாகக் கடன் வாங்காமல் பொறுத்திருப்பதுதான் வழி. அந்தப் பாக்கி முழுக்கத் தீர்வதை என் வயதுக்காரர்கள் பார்க்கப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.